ஸ்டேட்டஸ் பாத்தியா பாப்பா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்த உடனே, "ஸ்டேட்டஸ் பாத்தியா பாப்பா?" என்பார். நான் பெரம்பலூரில் என் அறையில் உட்கார்ந்துகொண்டு முந்தின ராத்திரி பார்த்ததை ஒப்பிப்பேன். "பரிசீலனையில் இருக்குன்னுதான் போட்டிருக்கு சித்தப்பா." "சரி, அப்ப நடக்குது" என்று வைத்துவிடுவார். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. அவர் என்னை நம்பினார். நான் அந்தத் திரையை நம்பினேன். இரண்டு பேருமே தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் இப்போது என்னிடம் வந்து, "அக்கா, எங்க தாத்தா மிலிட்டரி. பென்ஷன் அப்பீல் போட்டிருக்காரு. ஆன்லைன்ல பாத்துச் சொல்லுங்களேன்" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, நான் பட்டதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. குறிப்பாக நான் செய்த தவற்றை.

சித்தப்பா 2001 மத்தியில் ராணுவத்தில் சேர்ந்தார். செந்துறைப் பக்கம் எங்கள் ஊர். மானாவாரி நிலம், அதிலும் எங்களுக்குச் சொந்தம் கொஞ்சம்தான். திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கிய காசில் பஸ் ஏறிப் போனார். ஓடவிட்டார்கள், உயரம் அளந்தார்கள், மருத்துவர்கள் தலை முதல் கால்வரை சோதித்தார்கள். எந்தக் குறையும் இல்லை என்று எழுதித்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பதினேழு ஆண்டுகள் பணி. வடக்கே மலையில் ஒரு குளிர்காலத்தில் ரேஷன் மூட்டையைச் சுமந்துகொண்டு பனியில் சறுக்கி விழுந்தார். இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு வட்டு விலகிவிட்டது. படுக்கை, ஊசி, பெல்ட், பிறகு இலகுவான வேலை, மருத்துவத் தரம் குறைப்பு. 2018ல் வெளியே வரும்போது மருத்துவ வாரியம் உட்கார்ந்தது. ஊனம் 20 சதவீதம், வாழ்நாள் முழுக்க என்று எழுதினார்கள். அடுத்த கட்டத்தில், இந்தக் குறை பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல என்று எழுதினார்கள். அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'நானா' என்று சுருக்கிச் சொல்வார்கள். சித்தப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நானா போயி விழுந்தேன்னு எழுதிட்டானுங்க பாப்பா."

பதினேழு வருடப் பணிக்கான ஓய்வூதியம் அவருக்கு வருகிறது. வராதது ஊனத்துக்கான பங்கு. அது எவ்வளவு என்று கணக்குப் போட்டால்தான் விஷயத்தின் கனம் புரியும். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். 20 சதவீத ஊனத்துக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் 50க்குக் கீழே உள்ள ஊனத்தை 50 ஆகக் கூட்டிக் கணக்கிடும் ஒரு முறை இருக்கிறது. பணியிலிருந்து மருத்துவக் காரணத்தால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அது என்று ஒன்றிய அரசு வாதாடியது. பணிக்காலம் முடித்து வெளியே வந்தவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014ல் தீர்த்துச் சொன்னது. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 சதவீதத்துக்கு மாதம் 2,400. ஐம்பதாகக் கூட்டினால் 6,000. அதன்மேல் அகவிலைப்படி. சாகும்வரை. எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளையின் கல்லூரிப் படிப்பு இந்தப் பணத்தில் நின்றுவிடும்.

நவம்பர் 2018ல் நிராகரிப்புக் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போடலாம் என்று அதிலேயே இருந்தது. பிப்ரவரி 2019ல் தன் கைப்பட எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினார். அதன்பிறகுதான் ஊர்த்தெருவில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், "ஆன்லைனில் ஏதாவது பார்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த பையன் ஒரு மனுவைப் பதிவு செய்து, ஒரு எண்ணைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். முப்பது ரூபாய்.

அந்தப் பதிவில் போன் நம்பர் கேட்கும் இடத்தில் அவன் தன் நம்பரைப் போட்டுக்கொண்டான். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். ஓடிபி சீக்கிரம் வரும், வேலை சட்டென்று முடியும், அடுத்த ஆள் காத்திருக்கிறார். எல்லாச் சென்டர்களிலும் நடப்பதுதான். ஆனால் எங்கள் ஊரில் அதற்கு வேறு ஒரு அர்த்தம் உண்டு. ஒவ்வொரு முறை நிலையைப் பார்க்கவும் சித்தப்பா ஊர்த்தெருவுக்குப் போக வேண்டும். பதினேழு வருடம் துப்பாக்கி பிடித்தவர், படியில் நின்று, தன்னைவிட இருபது வயது சின்னப் பையனிடம், "தம்பி, ஓடிபி வந்துதா?" என்று கேட்க வேண்டும். அவன், "மிலிட்டரி, நாளைக்கு வா" என்பான். பக்கத்தில் டீக் குடிக்கிறவர்கள், "நல்லாத்தானே நடக்குற, உனக்கு எதுக்கு ஊனப் பென்ஷன்?" என்பார்கள். அவருடைய பென்ஷன் எவ்வளவு, முதுகில் என்ன கோளாறு, எந்த மருத்துவமனையில் இருந்தார், எல்லாம் ஊருக்குத் தெரிந்துபோனது. பட்டாளத்தில் அவருக்கு ஒரு எண் இருந்தது, பதவி இருந்தது, பெயருக்கு முன்னால் அதைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். ஊரில் ஒரு ஓடிபிக்காக அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு நிற்க வேண்டியிருந்தது.

நான் படிப்பு முடித்து ஊருக்கு வந்தபோது இதைப் பார்த்துக் கொதித்துப் போனேன். "இனிமே நீங்க அங்க போகவேணாம். நான் பாத்துச் சொல்றேன்" என்று அந்தத் துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டேன். பையனிடம் பேசி நம்பரை மாற்றவைத்து, என் நம்பரைப் போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வாசல்தான் மாறியிருந்தது. முன்பு அந்தப் பையனிடம் கேட்டார், இப்போது என்னிடம் கேட்டார். அவர் கையில் எதுவும் வரவில்லை.

என் தவறு இன்னொன்று, அது பெரியது. நான் ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த எண் அப்பீலின் எண்ணே இல்லை. சென்டரில் பதிவு செய்தது ஒரு குறைதீர் மனு. 'என் அப்பீல் என்ன ஆயிற்று?' என்று கேட்கும் மனு. 'பரிசீலனையில்' என்று திரை சொன்னது அந்த மனுவைப் பற்றித்தான். அப்பீல் வேறொரு பாதையில், வேறொரு கோப்பில், வேறொரு எண்ணில் போய்க்கொண்டிருந்தது. எதன் நிலையைப் பார்க்கிறோம் என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டதாரி, அரசியல் பேசுகிறவள், மேடையில் மைக் பிடிக்கிறவள்.

எனவே முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிப்பாய் வெளியே வந்த பிறகு அவருடைய பணிப் பதிவேடுகள் அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் வெலிங்டனில். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரில். ஓய்வூதியத்துக்கு ஆணை பிறப்பிக்கும் கணக்கு அலுவலகம் உத்தரப்பிரதேசத்தில், பிரயாக்ராஜில். 2018 வரை அந்த நகரத்தின் பெயர் அலகாபாத். சித்தப்பாவிடம் இரண்டு பெயரிலும் கடிதங்கள் இருந்தன. இரண்டும் வெவ்வேறு அலுவலகம் என்றே அவர் நினைத்திருந்தார். அப்பீலை ஆவண அலுவலகம் வாங்கி டெல்லிக்கு அனுப்பும். முதல் அப்பீலுக்கு ஒரு குழு, அது மறுத்தால் இரண்டாவது அப்பீலுக்கு இன்னொரு குழு. அதற்கும் மேலே ராணுவத் தீர்ப்பாயம்.

இப்போது பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்களெல்லாம் ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்புக்குள் வந்துவிட்டன. ஆயுள் சான்று, வங்கிக் கணக்கு, முகவரி, குடும்ப விவரம் எல்லாம் அதில்தான். ஸ்பர்ஷ் என்றால் தொடுதல் என்று அர்த்தம் சொன்னேன். சித்தப்பா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேரு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஆக, ஒரு முன்னாள் படைவீரரின் கையில் குறைந்தது நான்கு எண்கள் இருக்கும். ஓய்வூதிய ஆணை எண் ஒன்று. அப்பீலுக்கு ஆவண அலுவலகம் கொடுக்கும் கடித எண் ஒன்று. குறைதீர் மனுவின் பதிவு எண் ஒன்று. அப்பீலை அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் எண் ஒன்று. நான்கும் நான்கு கதைகளைச் சொல்லும். குறைதீர் மனு 'முடிக்கப்பட்டது' என்று வந்தால் மனு முடிந்தது என்று அர்த்தம், அப்பீலில் தீர்ப்பு வந்ததாக அர்த்தம் இல்லை. 'பரிசீலனையில்' என்று இருப்பதால் அப்பீல் உயிரோடு இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். 2022 ஜனவரியில், திரையைப் பார்த்துச் சலித்துப்போய், ஆவண அலுவலகத்துக்குச் சித்தப்பா பெயரில் ஒரு மனு எழுதினோம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். ஐந்தே கேள்விகள். என் முதல் அப்பீல் எந்தத் தேதியில் உங்களுக்குக் கிடைத்தது? அதன் கோப்பு எண் என்ன? அதன்மீது எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை? முடிவு எடுக்கப்பட்டிருந்தால் அதன் நகலும், மருத்துவ வாரியம் எழுதியதன் முழு நகலும் தரவும். முடிவு எனக்கு அனுப்பப்பட்டிருந்தால், எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எந்தத் தபால் எண்ணில்?

முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது சட்டம். பிப்ரவரியில் வந்தது. முதல் அப்பீல் 2020 அக்டோபரிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தது. கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். கவர் திரும்பி வந்திருக்கிறது. அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று குறிப்பு. பதினாறு மாதங்களுக்கு முன்பே செத்துப்போன அப்பீலுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் நலம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முகவரியைப் பார்த்தோம். வடக்குத் தெரு, பெரம்பலூர் மாவட்டம் என்று இருந்தது.

மாவட்டத்தைப் புரிந்துகொள்ளலாம். சித்தப்பா பிறந்தபோது எங்கள் ஊர் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது, அப்போதுதான் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். 2002ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2005ல் கல்யாணம், மனைவி பெயரைப் பதிவேட்டில் ஏற்றியபோது பெரம்பலூர் மாவட்டம் என்று எழுதினார். 2007 நவம்பரில் அரியலூர் மறுபடி தனி மாவட்டம். ஆதாரில் அரியலூர். வீட்டை ஒரு அடி நகர்த்தாமலேயே அவர் மாவட்டம் மாறிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு மாவட்டத்திலும் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருடைய காகிதங்களும் இப்படித்தான் இருக்கும். உங்கள் வீட்டில் எடுத்துப் பாருங்கள்.

ஆனால் வடக்குத் தெரு? எங்கள் ஊரில் வடக்குத் தெரு ஒன்று உண்டு. அது ஊருக்குள் இருக்கிறது. நாங்கள் இருப்பது ஆதிதிராவிடர் காலனி.

"ஏன் சித்தப்பா இப்படிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சித்திதான் அடுப்படியிலிருந்து சொன்னார்: "காலனின்னு எழுதுனா பாரக்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிரும்ல?" அப்புறம் அவரே சொன்னார். சேர்ந்த புதிதில், வீட்டிலிருந்து வரும் கடிதத்தின் முகவரியைப் படித்துவிட்டு ஒருவன் ஏதோ கேட்டானாம். என்ன கேட்டான் என்று இன்றுவரை சொல்லவில்லை. காலனி ஊருக்கு வடக்கேதானே இருக்கிறது என்று, அடுத்த முறை காகிதம் நிரப்பும்போது வடக்குத் தெரு என்று எழுதிவிட்டார். பணியில் இருந்த காலத்தில் வீட்டுக்கு அந்த முகவரியில் எதுவும் வர வேண்டிய தேவை இருக்கவில்லை, போன் இருந்தது. முதல் நிராகரிப்புக் கடிதம்கூட, அவர் வெளியே வரும்போது தனியாக எழுதிக் கொடுத்த முகவரிக்கு வந்ததுதான். பழைய பதிவேட்டு முகவரிக்குப் போன ஒரே முக்கியமான கடிதம் இதுதான். வடக்குத் தெருவில் தேடியிருப்பார்கள். அங்கே அப்படி ஒருவர் இல்லை, அது உண்மைதான். தபால்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோழர்களே, சாதி எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று நாம் கூட்டங்களில் பட்டியல் போடுகிறோம். டீக்கடை, கோயில், சுடுகாடு, வகுப்பறை. ஒரு பின்கோடுக்கு மேலே உள்ள ஒற்றை வரியிலும் அது இருக்கிறது. ஒரு மனிதன் இருபது வயதில் அவமானத்துக்குப் பயந்து தன் தெருவின் பெயரை மாற்றி எழுதுகிறான். நாற்பது வயதில் அவனுடைய உரிமை அந்தத் தெருவைத் தேடிப் போய்த் திரும்பி வருகிறது.

அடுத்து என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நமக்குச் சட்டம் கை கொடுக்கிறது. 2022 மார்ச்சில் இரண்டாவது அப்பீல் போட்டோம். நிராகரிப்பு எங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதற்கு அந்தத் தகவல் உரிமைப் பதிலையே சாட்சியாக இணைத்தோம். இம்முறை முகவரியில் காலனி என்று தெளிவாக எழுதினோம். சித்தப்பாதான் எழுதினார்.

பிறகு நான் ராணுவத் தீர்ப்பாயச் சட்டத்தைப் படித்தேன். 2007ல் வந்த சட்டம். சென்னையில் அதன் மண்டல அமர்வு இருக்கிறது. துறைக்குள் உள்ள வழிகளையெல்லாம் முயன்ற பிறகுதான் அங்கே போக முடியும் என்கிறது 21வது பிரிவு. ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. மனு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் இறுதி உத்தரவு வரவில்லை என்றால், அந்த வழியை முயன்று முடித்ததாகவே கருதப்படும். தீர்ப்பாயத்தின் கதவு திறந்துவிடும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. திரையில் 'பரிசீலனையில்' என்ற சொல்லுக்கு முடிவுத் தேதி கிடையாது. சட்டத்தில் இருக்கிறது. ஆறு மாதம். பிப்ரவரி 2019ல் போட்ட முதல் அப்பீலுக்கு ஆகஸ்டிலேயே அந்தக் கெடு முடிந்துவிட்டது. தீர்ப்பாயத்திடம் போவதைப் பற்றி அன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டிருக்கலாம்.

காத்திருப்பதற்கு விலையும் உண்டு. தர்செம் சிங் வழக்கு என்று ஒன்று. 1983ல் ராணுவத்திலிருந்து மருத்துவக் காரணத்தால் வெளியே வந்தவர், 1999ல்தான் நீதிமன்றம் போனார். ஓய்வூதியம் மாதாமாதம் தொடர்கிற உரிமை, எனவே தாமதத்தைச் சொல்லி அதை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008ல் சொன்னது. ஆனால் நிலுவைத் தொகை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்தான் என்றும் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். உங்கள் தாத்தாவுக்கோ மாமாவுக்கோ இப்படி ஒரு நிராகரிப்புக் கடிதம் பெட்டிக்குள் கிடந்தால், உரிமை இன்னும் சாகவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அதிலிருந்து ஒரு துண்டு உதிர்கிறது.

நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த வரிக்கு இப்போது வருகிறேன். சேரும்போது எந்தக் குறையும் இல்லை என்று எழுதித்தான் எடுத்தார்கள். தரம்வீர் சிங் என்ற சிப்பாய்க்கும் அப்படித்தான். 1985ல் சேர்ந்தார், 1994ல் வலிப்பு நோய் என்று 20 சதவீத ஊனத்தோடு அனுப்பப்பட்டார். உடல்வாகு காரணம், பணி காரணமல்ல என்றது மருத்துவ வாரியம். 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: சேரும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு துறையுடையது, சிப்பாயுடையது அல்ல. வாரியம் காரணம் எழுத வேண்டும், வெறும் முடிவை எழுதினால் போதாது. சித்தப்பாவின் வாரியக் காகிதத்தை வாங்கிப் பார்த்தபோது காரணம் எழுத வேண்டிய இடத்தில் அரை வரிதான் இருந்தது. இப்போது 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. எனவே உங்கள் வீட்டு ஆள் எந்தத் தேதியில் வெளியே வந்தார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணம்? தீர்ப்பாயத்தில் நேரில் நாமே வாதாடலாம், சட்டம் அனுமதிக்கிறது. வக்கீல் வேண்டுமென்றால், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987ன் 12வது பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள். வருமான வரம்பு பார்க்காமல். சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனோம். அதை வாழ்க்கையில் மறைத்தே பழகிய மனிதர், மேசைமேல் எடுத்து வைத்தார். 2023 தொடக்கத்தில் வழக்குப் பதிவானது.

இதையெல்லாம் ஏன் ஒரு இயக்கத்துக்காரி எழுத வேண்டும் என்று ஒரு தம்பி கேட்டான். "ராணுவம், பென்ஷன் எல்லாம் அரசோட விஷயம் அக்கா. நாம அரசை எதிர்த்துத்தானே பேசுறோம்?" என்றான். அவனுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். பாபாசாகேப் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில். அவருடைய அப்பா ராம்ஜி ஒரு சுபேதார், படைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1890களில் மகார்களுக்குப் படையில் கதவை அடைத்தபோது, ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894ல் அதை எதிர்த்து ஒரு விண்ணப்பம் எழுதினார். இங்கே சென்னை மாகாணத்தின் சாப்பர்ஸ் மைனர்ஸ் படையில் நம் மக்கள் பெரும் எண்ணிக்கையில் மண் வெட்டிப் பாலம் கட்டியவர்கள். நம் இயக்கத்தின் பழைய காகிதங்களில் சில, ஓய்வூதியம் வாங்கும் சிப்பாய்கள் எழுதியவை. விண்ணப்பம் எழுதுவது கெஞ்சுவது அல்ல. காரணம் கேட்பது. காரணத்தை எழுத்தில் கேட்பது. நம்மிடம் யாரும் காரணம் சொல்லிப் பழகாத ஒரு சமூகத்தில் அதுவே ஒரு போராட்டம்.

எனவே இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். விதவைகளையும் சேர்த்து. அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நிராகரிப்புக் கடிதம் இருக்கிறதா, எந்தத் தேதி, பாருங்கள். நான்கு எண்களையும் ஒரே நோட்டில் எழுதுங்கள், எந்த எண் எதனுடையது என்று பக்கத்திலேயே குறியுங்கள். பதிவேட்டில் என்ன முகவரி, என்ன போன் நம்பர் இருக்கிறது என்று கேட்டுச் சரிசெய்யுங்கள். அப்பீல் போட்டு ஆறு மாதம் தாண்டியிருந்தால், திரையை மூடிவிட்டுத் தகவல் உரிமை மனு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அந்த வட்டாரத்தின் ஆட்சிமொழியில் மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. வேறு மாநிலத்தில் உள்ள அலுவலகத்துக்கு என்றால் ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. ஒரு தேதி, ஒரு காரணம், ஒரு நகல். இந்த மூன்றும் கைக்கு வராதவரை எந்த ஸ்டேட்டஸையும் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: அவர்களுக்காக நீங்கள் பார்க்காதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் கையால் பார்க்கவையுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

இதை எழுதும்போது வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஒத்திவைப்புகள் வந்திருக்கின்றன, இன்னும் வரும். பெரம்பலூரில் ரயில் கிடையாது, எனவே விசாரணை நாளுக்கு முந்தின நாள் நான் பஸ்ஸில் அரியலூர் போய்விடுவேன். சித்தப்பா ஸ்டேஷனில் இடுப்பு பெல்ட்டோடு, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு நிற்பார். எந்த வண்டி, எந்த நேரம் என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

இப்போது எல்லாப் பதிவிலும் இருப்பது அவருடைய நம்பர். முகவரி, ஆதிதிராவிடர் காலனி, அரியலூர் மாவட்டம். ஞாயிற்றுக்கிழமை போன் வருவது நிற்கவில்லை, கேள்விதான் மாறிவிட்டது. போன வாரம், "பாப்பா, அடுத்த வாய்தா தேதி போட்டுட்டாங்க, பாத்தியா?" என்றார்.

நான் பார்த்திருக்கவில்லை.

"நான் பாத்துட்டேன். நீ லீவு சொல்லிரு" என்றார்.

ஜெய்பீம்.